இலையில் வெட்டிய அம்பு

கண்டி இராச்சியத்திலே 1660 ஆம் ஆண்டு முதல் 1679 ஆம் ஆண்டுவரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், தாயகம் மீண்டபின் 1681 இல் வெளியிட்ட தமது நூலில், வேடரைப் பற்றிக் கூறுமிடத்து ஒரு வழக்கத்தைக் குறித்துவைத்துள்ளார். காட்டில் வாழும் வேடனுக்கு அம்பு முனைகள் வேண்டும். அவன் இரவிலே கொல்லனுடைய பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவான். அதன் பக்கத்தில், தனக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவாக வெட்டிய ஓர் இலையையும் தொங்கவிட்டுப் போய்விடுவான். பேச்சில்லை, பேரமில்லை, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததுமில்லை. கொல்லன் அந்த இலைக்கு இசைய முனை அடித்துக் கொடுப்பானாயின் பின்னும் இறைச்சி வந்து சேரும். கொடாது விடுவானாயின் என்றோ ஓரிரவில் அம்பே வந்து சேரும் என்கிறார் நொக்ஸ்.

இச்செய்தியைப் படிப்போர் பெரும்பாலும் அந்த ஊமை வாணிகத்தையே வியந்து நின்றுவிடுவர். எமக்கு வியப்பளிப்பது அந்த இலைதான். இரும்பு கொல்லனுடையது, உலை கொல்லனுடையது, கைத்திறனும் அவனுடையதே. வடிவம் மாத்திரம் வேடனுடையது. நல்ல முனையாக ஒன்று தா என்று அவன் கேட்டானல்லன். இந்த முனையைத் தா என்றே கேட்டான். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்விடத்தில் ஒடுங்க வேண்டும் என்பவற்றை எய்பவனே அறிவான் என்பதிலே அவனுக்கு ஐயமிருக்கவில்லை.

இதை இவ்வாரம் எழுத நேர்ந்ததற்கு ஒரு கடிதமே காரணம். எம்மிடம் கற்றுக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் குடியேறிய ஒருவர் அங்கே வில்வித்தை பழகி வருகிறார். அடுத்த பருவத்தில் மான் வேட்டைக்கும் போக எண்ணியிருக்கிறார். கடையிலே கண்ணாடிப் பெட்டி நிறைய முனைகள் அடுக்கியிருக்கின்றனவாம். ஒன்று மொட்டுப் போல, ஒன்று ஊசி போல, வேறொன்று மூன்று சவர அலகுகளை ஒன்றாகச் சேர்த்தாற்போல. “எதை வாங்குவது, சேர்?” என்று கேட்டிருக்கிறார். புலால் உண்ணாத எம்மிடம் போயும் போயும் இதைக் கேட்டிருக்கிறாரே என்று வீட்டிலே நகைப்பு எழுந்தது. ஆயினும் உண்பவர்க்கும் உண்ணாதவர்க்கும் பொதுவான செய்தி ஒன்று இவ்விடயத்தில் இருக்கின்றமையால் விடையை இப்பகுதியிலேயே எழுதுகின்றோம்.

முனையைத் தேர்ந்தெடுக்கும் சிந்தனை இரும்பு தோன்றியபின் வந்ததன்று. களுத்துறை மாவட்டத்துப் புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியன் குகையிலே, ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்ணடுக்கு முதலாக, எலும்பாற் செய்த கூரிய முனைகள் பல கிடைத்துள்ளன. அவற்றை ஆராய்ந்தோர் 2020 இல் தம் முடிபை வெளியிட்டனர். முனைகளிற் காணப்படும் முறிவுகளையும் தேய்வுகளையும் நோக்குமிடத்து அவை வில்லினின்று எய்யப்பட்ட அம்புகளில் பொருத்தப்பட்டவை என்பது அவர் கருத்து. மழைக்காட்டின் மர உச்சியிலே தாவித் திரியும் குரங்குகளும் அணில்களுமே அம்மக்களின் முதன்மையான வேட்டை. குரங்கின் எலும்பையே கூராக்கிக் குரங்கை எய்தனர். இன்னும் நுணுக்கமான செய்தி ஒன்று உண்டு. காலஞ் செல்லச் செல்ல அம்முனைகள் நீண்டுகொண்டே வந்திருக்கின்றன. பன்றி, மான் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடத் தொடங்கியமையே இதற்குக் காரணமாகலாம் என்கின்றனர் ஆய்வாளர். எய்யப்படும் உயிர் மாற, முனையும் மாறியது.

வடநூலாரும் இதனை விரித்துரைத்துள்ளனர். வசிட்டர் பெயரால் வழங்கும் தனுர்வேத நூல் முனைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும். தோல் தைக்கும் ஊசி போன்றது ஆராமுகம். சவரக்கத்தி போன்றது க்ஷுரப்ரம். பிறைமதி போன்றது அர்த்தசந்திரம். ஊசி வாயுடையது சூசீமுகம். கன்றின் பல்லை ஒத்தது வத்ஸதந்தம். காக்கையின் அலகை ஒத்தது காகதுண்டம். செவிபோற் பின்னோக்கி விரிந்த முள்ளையுடைய கர்ணிகம் என்பதும் உண்டு. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். ஐரோப்பாவிலும் இரும்பு வளையங்களாற் கோத்த கவசத்தைத் துளைப்பதற்கு நீண்ட ஒடுங்கிய முனையும், விலங்குக்கு அகன்ற அலகும் எனப் பிரித்தே வைத்திருந்தனர். சைபீரிய வேடர் மென்மயிர் விலங்குகளை மொட்டை முனையால் அடித்து வீழ்த்தினர். தோலிலே துளை விழுந்தால் விலை போகாதன்றோ?

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம்.

பயிற்சி முனையின் வேலை மிக எளியது. அது இலக்கிலே தைக்க வேண்டும். இலக்கைக் கிழிக்காமல் மீள வேண்டும். நாள்தோறும் நூறு முறை எய்தாலும் வடிவு மாறாதிருக்க வேண்டும். ஒலிம்பிக் போட்டியிலே 70 மீற்றர் தொலைவில் 122 சதமமீற்றர் குறுக்களவுள்ள வட்டத்தை நோக்கி எய்கின்றனர். அதன் நடுவே பத்துப் புள்ளி பெறும் வளையம் 12.2 சதமமீற்றரே. அங்கே எய்வோர் துப்பாக்கிக் குண்டின் தலைபோல் உருண்டு கூர்த்த முனையையே பொருத்துவர். இலக்கைச் சேதப்படுத்தும் முனைகளைப் போட்டி விதிகள் ஏற்பதில்லை. வேட்டைக்குப் போக இருப்போர் பழகுவதற்கு ‘பீல்ட் பொயின்ற்’ என்னும் முனை ஒன்று உண்டு. சற்றே தோள் அமைந்து நுனி ஒடுங்கிய அம்முனை, அம்புத் தண்டின் தலையிலே திருகாணிபோல் திருகிப் பூட்டப்படுவது. அதே புரியிலே வேட்டை முனையையும் பூட்டலாம். இந்த வசதியிலேதான் ஒரு பொறி இருக்கின்றது. அதனைச் சொல்லுமுன் வேட்டை முனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்பு கொல்லும் முறையைப் பலர் தவறாக எண்ணியிருக்கின்றனர். துப்பாக்கிக் குண்டைப் போல அதுவும் அடியின் வேகத்தாற் கொல்கிறது என்பது அவ்வெண்ணம். வேட்டைத் துப்பாக்கியின் குண்டு செக்கனுக்கு 2,500 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் போகும். இக்காலத்துக் கப்பி பூட்டிய வில்லிலிருந்து புறப்படும் அம்போ ஏறத்தாழ 300 அடி வேகத்தையே எட்டும். பழைய மரவில்லாயின் அதிற் பாதியளவே. ஆகவே அம்பு அடித்துக் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. நெஞ்சறையினுள் புகுந்து நுரையீரலையும் பெருங்குழாய்களையும் அறுத்துக் குருதியை வெளியேற்றுவதனாலேயே விலங்கு வீழ்கின்றது. அறுவை துப்புரவாக அமைந்தால் அது சில நொடிகளிலே நினைவிழக்கும். அறுவை பிழைத்தாலோ, காட்டினுள்ளே ஒரு பகலும் ஓரிரவும் நடந்து சாகும்.

இதை விளங்கிக்கொள்ளக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. எமது தாய்மார் அறிவர். தேங்காய் துருவும்போது திருவலைப் பல் விரலிற் கீறினால் நோவு பெரிது. ஆனால் குருதி விரைவிலே நின்றுவிடும். புதிய சவர அலகு பட்டாலோ நோவு தெரிவதில்லை, குருதி மாத்திரம் நில்லாது வழிந்துகொண்டிருக்கும். கிழிந்த குழாய் சுருங்கித் தன்னைத் தான் அடைத்துக்கொள்ளும். நேராக அறுந்த குழாய் திறந்தே கிடக்கும். மழுங்கிய கத்தியால் தக்காளியை வெட்டிப் பார்த்தோர்க்கு மற்றையதும் விளங்கும். கத்தி தோலை அறுக்காமல் அழுத்தி நசுக்கும். மழுங்கிய முனை உடலினுள் புகுமாயினும் குழாய்களை அறுக்காமல் பக்கத்தே ஒதுக்கிவிட்டுப் போகும். பயிற்சி முனையை விலங்கின்மேல் எய்வது கொடுமையாவது இதனாலேயே. அது துளைக்கும், ஆனால் அறுக்காது.

இதனை அறுவை மருத்துவர் ஒருவரே சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பது சுவையான செய்தி. 1911 இல் கலிபோர்னியாவின் ஓரவில் என்னும் ஊரிலே, தன் குலத்தார் அனைவரும் மாண்டொழியத் தனியொருவனாய் எஞ்சிய யாகி இந்தியன் ஒருவன் காட்டினின்று வெளிப்பட்டான். அவனை இஷி என அழைத்தனர். அவன் 1916 இல் இறக்கும்வரை பல்கலைக்கழக அரும்பொருட்சாலையில் வாழ்ந்தான். அங்கே மருத்துவராயிருந்த சக்ஸ்ரன் போப் என்பார் அவனை நண்பனாகக் கொண்டு, அவனிடம் வில் வளைக்கக் கற்றார். எரிமலைக் கண்ணாடிக் கல்லையும், வெள்ளையர் எறிந்த போத்தலின் கண்ணாடியையும் மான்கொம்பின் நுனியால் சிறிது சிறிதாக நெம்பி உடைத்து இஷி முனை செய்வான். போப் பின்னர் எஃகு முனையையும் கல் முனையையும் தசை போன்ற பொருளிலே எய்து ஒப்பிட்டபோது, கண்ணாடிக் கல்லின் முனையே ஆழமாகச் சென்றது. நாகரிகம் மிக்க எஃகு தோற்றதென்று வருந்துவதற்கில்லை. எது கூரியதோ அது வென்றது, அவ்வளவே. போப் 1923 இல் வெளியிட்ட வேட்டை நூல் அமெரிக்கரைப் பெருந்தொகையாக வில்லின் பக்கம் திருப்பியது.

ஆகவே வேட்டைக்கு ‘புறோட்ஹெட்’ எனப்படும் அகன்ற அலகு முனையே வேண்டும். ஒன்ராறியோவின் வேட்டை விதிகளும் இதனையே கூறும்: மான் போன்ற பெரு விலங்கை எய்யும் அம்பின் முனை, அகன்ற இடத்தில் 22 மில்லிமீற்றருக்குக் குறையாததாயும் இரண்டு கூரிய அலகுகளேனும் உடையதாயும் இருத்தல் வேண்டும். இரண்டு அலகுகள் நல்லவையா, மூன்றா என்பதைப் பற்றி அங்குள்ளோர் ஓயாது வாதிடுவர். இரண்டு ஆழமாகப் போகும். மூன்று பெரிய வாயைத் திறக்கும். விசை குறைந்த வில்லை வைத்திருப்பவர் இரண்டையே நாடுவது நன்று. பறக்கும்போது மடங்கியிருந்து, தைக்கும்போது விரியும் அலகுகளும் இக்காலத்தில் விற்கின்றன. அவை செவ்வையாகப் பறக்கும் என்பது உண்மை. ஆயின் விரிவதற்கு அம்பின் விசையிலே ஒரு பங்கைச் செலவழிக்கும்; என்றேனும் ஒருநாள் விரியாதும் விடும். அசைகின்ற உறுப்பில்லாத கருவியே எமக்கு விருப்பம். அலகின் கூர்மையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தல் வேண்டா. இறப்பர் வளையம் ஒன்றை இழுத்துப் பிடித்து, அதன்மேல் அலகை மெல்ல வைத்துப் பார்க்கலாம். தொட்டவுடன் அறுந்தால் கூர் உண்டு. அழுத்தியபின் அறுந்தால் மீண்டும் தீட்ட வேண்டும்.

இப்போது அந்தப் பொறியைக் கூறுவோம். ஒரே புரியிலே இரண்டு முனையும் பூட்டலாம் என்றோமன்றோ? அதனால் கோடை முழுதும் பயிற்சி முனையால் எய்து பழகி, வேட்டைக்குப் போகும் நாளிலே அலகு முனையைப் பூட்டிக்கொண்டு புறப்படுவோர் பலர். இரண்டினதும் நிறை ஒன்றாக இல்லாவிடில் பழகிய பழக்கமெல்லாம் வீணாகும். முனைகளின் நிறையைக் ‘கிறெயின்’ என்னும் அலகால் அளப்பர். ஆதியில் வாற்கோதுமை மணியின் நிறையாயிருந்த அளவு அது. எமது பொற்கொல்லர் அறிந்த குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிறெயின் இருக்கும். கடையிலே 100 கிறெயின், 125 கிறெயின் முனைகளே பெரிதும் கிடைக்கும். முன்னது ஏறக்குறைய 6.5 கிராம், பின்னது 8.1 கிராம். ஒன்றரைக் கிராம் என்ன செய்துவிடப் போகிறது என்று எண்ணலாகாது. முனை கனத்தால் அம்பு முன்னே தாழும். நாணை விட்ட கணத்திலே தண்டு கூடுதலாக வளையும். அம்பு தாழ்ந்தும் விலகியும் போய்த் தைக்கும். நெஞ்சிலே பட வேண்டியது வயிற்றிலே படுவதற்கு அந்த விலகலே போதும்.

நிறை ஒத்திருந்தாலும் முடிந்துவிடாது. அகன்ற அலகு காற்றிலே ஓர் இறகாகிவிடுகின்றது. அம்பின் பின்னே கட்டிய இறகு அம்பை நேராகச் செலுத்த முயல, முன்னே உள்ள அலகு தன் வழியே இழுக்க முயலும். யாழ்ப்பாணத்துச் சிறுவரிடம் இதை விளக்கவேண்டியதில்லை. முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து குத்தும் என்பதை அவர்கள் அறிவார்கள். வில்லிலோ தண்டிலோ உள்ள சிறு கோணலைப் பயிற்சி முனை மறைத்துவிடும். அலகு முனை அதைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும். ஆகவே வேட்டைக்கு முன் அதே அலகு முனையைக் கொண்டே சில நாள்கள் எய்து பார்த்து, எங்கே தைக்கிறது என்று கண்டு, வில்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். அம்பைக் கிடையாக விரல் நகங்களின்மேல் வைத்து உருட்டினால் முனை தள்ளாடாமல் சுழல வேண்டும். தள்ளாடுவதை அகற்றிவிடுக. பயிற்சியில் எய்த அலகுகளைத் தீட்டாமலோ மாற்றாமலோ காட்டுக்குக் கொண்டுபோகலாகாது. பரீட்சைக்கு ஒருவகை வினாவும் பயிற்சிக்கு வேறொருவகை வினாவும் கொடுக்கும் ஆசிரியரை மாணவர் எவ்வளவு வெறுப்பர் என்பது எமக்குத் தெரியும். இங்கே அதன் பலனை அனுபவிப்பது மானாகும்.

கர்ணிகத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம் என்றோம். பின்னோக்கிய முள்ளுள்ள அம்பு உள்ளே போகும், வெளியே வராது. இழுத்தால் தசையைக் கிழித்துக்கொண்டே வரும். மனு நூல் தன் ஏழாம் அத்தியாயத்திலே போர் அறம் கூறுமிடத்து, முள்ளுள்ள அம்பையும் நஞ்சூட்டிய அம்பையும் தீப்பற்றிய அம்பையும் விலக்குகின்றது. பகைவனைக் கொல்ல ஒப்பிய நூல், இந்த முனையாற் கொல்ல ஒப்பவில்லை. இதன் காரணத்தை மருத்துவரிடம் கேட்க வேண்டும். உடலிலே தைத்த பொருளைச் சுசுருதர் சல்லியம் என்பர். அதனை அகற்றும் கலையாதலின் சத்திர சிகிச்சைக்கே சல்லிய தந்திரம் என்று பெயர் வந்தது. தைத்த பொருளைப் புகுந்த வழியே பின்னிழுத்தலும், புகுந்த திசையிலேயே முன்தள்ளி மறுபுறம் எடுத்தலும் என இரண்டு வழிகளை அவர் கூறுவர். முள்ளுள்ள முனைக்கு முதல் வழி அடைபட்டு விடுகிறது. இன்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் வேட்டைக்கு முள்ளுள்ள அலகு சட்டத்தால் விலக்கப்பட்டிருக்கின்றது. குறி தவறி ஓடும் விலங்கின் உடலினின்று அம்பு கழன்று விழ வேண்டும், புண் ஆறி அது பிழைக்கவும் கூடும் என்பதே கருத்து. மனு நூலுக்கும் அமெரிக்கச் சட்டசபைக்கும் எவ்வுறவும் இல்லை. இருவரும் ஒரு முள்ளைப் பார்த்து ஒரே முடிபுக்கு வந்திருக்கின்றனர்.

எமது நாட்டிலே நிலைமை வேறு. விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருந்துவருகின்றது. மதுறு ஓயாத் தேசியப் பூங்கா 1983 இல் அமைக்கப்பட்டபோது வேடரின் பழைய வேட்டைக் காடுகளிற் பெரும்பகுதி அதன் எல்லைக்குள் அடங்கிப்போயிற்று. தம்பானையிலே இன்றும் வில்லேந்திய வேடரைக் காணலாம். வருவோர்க்கு எய்தும் காட்டுவர். விலங்குகள் காக்கப்பட வேண்டியவை என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த அகலத்து அலகு எந்த விலங்கின் விலாவிற்கு ஏற்றது என்பதை ஓர் இலையிலே வெட்டிக் காட்டக்கூடிய அறிவு, மரக்கட்டையை நோக்கி எய்வதனால் நிலைத்திராது. மரத்துக்கு எந்த முனையும் ஒன்றே. காட்டைக் காத்தபோது அவ்வறிவையும் எழுதிக் காத்திருக்கலாம். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலே வில்லும் அம்பும் பற்றிய குறிப்புகள் உள்ளன. எமது பிள்ளைகளின் பாடநூல்களில் அவை இடம்பெற்றால் நலமாகும்.

இங்கே வில்வித்தை பழக விரும்பும் இளைஞர்க்கு அலகு முனையால் ஒரு வேலையும் இல்லை. அதை வாங்கவும் வேண்டா, விருந்தாய் வரும் வெளிநாட்டு உறவினரிடம் கேட்கவும் வேண்டா. பயிற்சி முனைகளைத் தொகுதியாக, ஒரே நிறையாகப் பார்த்து வாங்குக. எய்யுமுன் ஒவ்வொன்றும் இறுகியிருக்கிறதா என்று பார்க்க. கரியிழைத் தண்டாயின் மெல்ல வளைத்துக் காதருகே பிடித்து, வெடிப்பின் ஒலி கேட்கிறதா என்றும் பார்க்க. மைதானத்துக்குக் கொண்டுபோகும் அம்புகளை எண்ணிக்கொண்டு போய், திரும்பும்போதும் எண்ணுதல் வேண்டும். தவறிய அம்பு புல்லினடியிலே தரையோடு தரையாய் வழுக்கிப் புகுந்து, மேலே தெரியாமற் கிடக்கும். மறுநாட் காலை அதே மைதானத்தில் வெறுங்காலோடு பந்தாட வருவோர் சிறுவர். எண்ணிக்கை ஒன்று குறைந்தால், பொழுது பட்டாலும் விளக்கோடு சென்று தேடி எடுத்துவிட்டே வீடு திரும்புக.